மறைத்தால் நோய் காட்டிக்கொடுக்கும்

பாலியல் நோய்த்தொற்று: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹுன்னஸ்கிரிய சந்தியில் காலையில் பாமசிக்குள் நுழைந்தவர் என்ன வாங்கினார் என்பது, கொழுந்து நிறுத்து முடிவதற்குள் லயத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கண்டி–மகியங்கனை வீதியில் நக்கிள்ஸ் மலைச்சாரலில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும், யார் எந்த பஸ்ஸில் ஏறினார் என்பதுகூட இரகசியமில்லை. பாலியல் நோய் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. “வெட்கப்படாமல் டொக்டரிடம் போங்கள்” என்று சொல்லி முடித்துவிடுகின்றன.

ஊர் வாய்க்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2016இல் குளியாப்பிட்டியில், தகப்பன் எயிட்ஸில் செத்தார் என்று கிளம்பிய கதையை நம்பி, ஒரு சின்னப் பிள்ளையைப் பாடசாலையில் படிக்க விடாமல் மற்றப் பெற்றோர் மறித்தார்கள். பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனை சொல்லியும் அவர்கள் அசையவில்லை. கடைசியில் இடம் கொடுத்தது கண்டி திரித்துவக் கல்லூரி. கிருமியே இல்லாத பிள்ளைக்கு இந்தக் கதி என்றால், உண்மையாகவே நோய் வந்தவர் வாய்திறக்கத் தயங்கத்தான் செய்வார்.

அதனால் இந்தப் பட்டியல் யாரையும் வெட்கத்தை விடச் சொல்லவில்லை. வெட்கமும் பயமும் இருக்கும்போதே என்ன செய்யலாம், எதைச் செய்தால் காரியம் கெடும் என்று மட்டும் சொல்கிறது. இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: மறைத்தால் நோய் காட்டிக்கொடுக்கும், காட்டினால் கிளினிக் மறைக்கும்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

உடலுறவால் தொற்றும் கிருமிகள் 30க்கும் மேல். அவற்றில் முக்கியமானவை 8. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ட்ரைகொமோனியாசிஸ் ஆகிய 4ஐயும் மருந்தால் முற்றாகக் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹேர்பீஸ், எச்.பி.வி. ஆகிய 4உம் வைரசுகள். இவற்றைக் கட்டுப்படுத்தலாம், ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

குணமாக்கக்கூடிய அந்த நான்கில் ஏதோ ஒன்று, உலகில் நாளொன்றுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை புதிதாகத் தொற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

யோனி வழி, ஆசனவாய் வழி, வாய்வழி உறவு எல்லாவற்றிலும் தொற்றலாம். சிபிலிஸ், ஹேர்பீஸ், எச்.பி.வி. போன்றவை தோலோடு தோல் படுவதாலும் தொற்றும். சில கிருமிகள் இரத்தத்தாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். எச்.ஐ.வி. தொற்றியவரோடு ஒரே பீலியில் குளித்தாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும், ஒரே கக்கூசைப் பாவித்தாலும் அது வராது. நுளம்பு கடித்தும் வராது.

செய்ய வேண்டியவை

1. உடம்பில் வரும் மாற்றத்தைக் கவனியுங்கள். சலம் போகும்போது எரிச்சல், ஆண்குறியிலிருந்து சீழ், வழமைக்கு மாறான நிறத்திலோ நாற்றத்திலோ வெள்ளைபடுதல், அடிவயிற்று வலி, உறவின்போது வலி, பிறப்புறுப்பிலோ வாயிலோ ஆசனவாயிலோ புண், கொப்புளம், மரு, கவட்டில் நெறி கட்டுதல், விதைப்பை வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காட்ட வேண்டும். கொனோரியா பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரியும். கிளமிடியாவுக்கு 1 முதல் 3 வாரம் ஆகலாம். சிபிலிஸ் புண் 10 முதல் 90 நாட்களுக்குள் எப்போதும் வரலாம், பெரும்பாலும் வலிக்காது.

பெண்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். வெள்ளைபடுவதெல்லாம் பாலியல் நோயல்ல. மாதவிடாய்ச் சுற்றில் இயல்பாகவே வருவதும் உண்டு. உறவோடு சம்பந்தமில்லாத பூஞ்சைத் தொற்றாலும் வரும். எது எதுவென்று பிரித்துச் சொல்வது பரிசோதிப்பவரின் வேலை. நீங்களாகவே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டாம்.

2. அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதியுங்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சொலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் சோதித்தபோது 6 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். அந்த நோய் இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இரத்தத்தைச் சோதித்த பிறகே தெரிந்தது. இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அடுத்த ஆண்டு, 1987இல் கண்டறியப்பட்டது. 2022இல் மட்டும் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள்.

புதிய உறவு தொடங்கும்போதும், கலியாணம் பேசி முடிக்கும்போதும், பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகும் ஒருதடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்டவரோடு உறவு இருந்தால், குறித்த இடைவெளியில் தொடர்ந்து செய்ய வேண்டும்.

3. அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். எஸ்.டி.டி. கிளினிக் என்றால் எல்லோருக்கும் தெரியும். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு வேலைத்திட்டத்தின் கீழ் நாடெங்கும் இந்தக் கிளினிக்குகள் இயங்குகின்றன, கண்டியிலும் உண்டு. வேறு டொக்டரின் துண்டு தேவையில்லை. அடையாள அட்டை காட்டத் தேவையில்லை. ஒரு சதம் கட்டத் தேவையில்லை. பதிந்ததும் ஓர் இலக்கம் தருவார்கள். அதன் பிறகு நீங்கள் அந்த இலக்கம்தான்.

உள்ளே டொக்டர் தனியறையில் பேசுவார். எப்போது, யாரோடு, ஆணுறை இருந்ததா என்று கேட்பார். தேவைப்பட்டால் உடம்பைப் பார்ப்பார். சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுப்பார்கள். சீழோ புண்ணோ இருந்தால் பஞ்சுக் குச்சியால் தொட்டு மாதிரி எடுப்பார்கள். சில நோய்களுக்கு அன்றே மருந்து கிடைக்கும். சில முடிவுகளுக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கண்டிக்குப் போகக் காரணமா இல்லை? சேமலாப நிதி விசாரிக்க, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க, கண் காட்ட என்று ஆயிரம் இருக்கிறது. கண்டியிலும் தெரிந்த முகம் தென்படும் என்று நினைத்தால் மாத்தளைக்கோ நுவரெலியாவுக்கோ போகலாம். இந்த ஊர்க்காரர் இந்தக் கிளினிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

4. மொழிக்குத் தயாராகப் போங்கள். சிங்களம் சரளமாக வராத பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே கிளினிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். எத்தனை நாளாக, எந்த இடத்தில், என்ன மாதிரி, ஏற்கெனவே என்ன குளிசை போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி, ஆகவே அப்படிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் பாதி விடயத்தை விழுங்கிவிடுவீர்கள்.

5. நாள் கணக்குப் பார்த்துப் பரிசோதியுங்கள். தொற்றிய மறுநாளே இரத்தத்தில் எதுவும் தெரியாது. எச்.ஐ.வி.க்கு, ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகைச் சோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டும். விரலில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். முதல் சோதனையில் இல்லை என்று வந்தால், திரும்ப எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வெளியேறுங்கள். அந்த இடைக்காலத்தில் ஆணுறை கட்டாயம்.

வாய் நீரை வைத்து வீட்டிலேயே பார்க்கும் எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கருவியும் தேசிய வேலைத்திட்டத்தின் ஊடாகக் கிடைக்கிறது. அதில் தொற்று உண்டு என்று காட்டினால் அதையே முடிவாகக் கொள்ளக் கூடாது. கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும்.

6. 72 மணித்தியாலத்தை மறவாதீர்கள். ஆணுறை கிழிந்தாலும், எச்.ஐ.வி. உள்ளவரோடு பாதுகாப்பில்லாமல் உறவு நேர்ந்தாலும், யாராவது பாலியல் வன்முறை செய்தாலும் ‘பெப்’ என்ற தடுப்பு மருந்து இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பலன். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தெல்தெனிய ஆதார வைத்தியசாலையோ கண்டி தேசிய வைத்தியசாலையோ, எது முதலில் கைக்கு எட்டுகிறதோ அங்கே.

7. ஆணுறையை ஒழுங்காகப் பாவியுங்கள். குடும்பத் திட்டமிடல் சங்கம் 1973இல் ‘ப்ரீதி’யைக் கடைகளுக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து, இந்நாட்டில் ஆணுறை ஒளித்து விற்கும் பொருளல்ல. ஊர்ப் பாமசியில் கேட்கக் கூச்சமாக இருந்தால், கண்டிக்குப் போய்வரும் வழியில் தெல்தெனியவிலோ திகனவிலோ இறங்கி வாங்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிளினிக்கிலும் கிடைக்கும்.

திகதி பாருங்கள். பக்கெட்டை அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று இருந்தால் நல்லது. பல்லால் கிழிக்காமல் கையால் கிழியுங்கள். உடம்போடு உடம்பு படுவதற்கு முன்பே போட வேண்டும், நடுவில் அல்ல. நுனியைக் கிள்ளிப் பிடித்து, அடி வரை உருட்டி விடுங்கள். முடிந்ததும் விறைப்பு இறங்குமுன் அடி வளையத்தைப் பிடித்தபடி வெளியே எடுங்கள். முடிச்சுப் போட்டு, தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கானில் வீச வேண்டாம்.

பின் பொக்கெட் பேர்சில் மாதக்கணக்காகக் கிடந்து, வட்டம் அச்சாகப் பதிந்துபோன பக்கெட்டை நம்பக் கூடாது. உடம்புச் சூட்டிலும் உராய்விலும் இறப்பர் கெட்டுப்போகும். தேங்காயெண்ணெய், வசிலின், கிரீம் எதுவும் தடவக் கூடாது. எண்ணெய் பட்ட இறப்பர் சில நிமிடத்திலேயே பலமிழந்து கிழியும். வழுவழுப்பு வேண்டுமென்றால் நீர்த்தன்மையான ஜெல்லைப் பாமசியில் கேளுங்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டை ஒன்றாகப் போட்டால் இரண்டும் உராய்ந்து கிழியும்.

8. கொடுத்த மருந்தை முழுதாக முடியுங்கள். ஆரம்ப நிலையில் உள்ள சிபிலிசுக்குப் பெரும்பாலும் ஒரு பென்சிலின் ஊசி போதும். கிளமிடியாவுக்கு வழமையாக ஒரு வாரக் குளிசை. மூன்றாம் நாள் எரிச்சல் நின்றாலும் ஏழாம் நாள் வரை போட வேண்டும். மருந்து முடிந்து குறைந்தது 7 நாளும், துணைக்கும் சிகிச்சை முடியும் வரையும் உறவு வேண்டாம். திரும்ப வரச் சொன்ன நாளில் போங்கள்.

9. துணையையும் கூட்டிப்போங்கள். ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் கிருமி மற்றவரிடமிருந்து திரும்பி வரும். பட்டியலில் ஆகக் கடினமான காரியம் இதுதான். சண்டைக்கு நடுவிலோ குடித்திருக்கும்போதோ பேச்சை எடுக்காதீர்கள். “எனக்கு ஒரு தொற்று இருக்கு. உனக்கும் இருக்கலாம், ஆனா வெளிய தெரியாது. ரெண்டு பேரும் மருந்தெடுத்தாத்தான் சுகமாகும்” என்ற அளவில் நிறுத்துங்கள். எப்போது, யாரால் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சில தொற்றுகள் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் கூட ஓசையில்லாமல் உடம்பில் இருக்கும்; இன்று கண்டுபிடித்ததால் நேற்று வந்தது என்று அர்த்தமில்லை. சொன்னால் அடி விழும் என்ற நிலை இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டாம். கிளினிக் ஊழியரிடம் அதைச் சொல்லுங்கள். துணைக்கு அறிவிக்க வேறு வழிகள் அவர்களிடம் உண்டு.

10. கர்ப்பம் என்று தெரிந்ததும் பதியுங்கள். முதல் கிளினிக்கிலேயே சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுப்பார்கள். இது எல்லாத் தாய்மாருக்கும் செய்வது. உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல. சிகிச்சையில்லாத சிபிலிஸ் கருவைக் கலைக்கலாம், பிள்ளை வயிற்றிலேயே சாகலாம், ஊனத்தோடும் பிறக்கலாம். கொனோரியா பிறக்கும் பிள்ளையின் கண்ணைப் பறிக்கலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் தடுக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் போவதை ஒழித்த முதல் நாடாக 2015இல் கியூபா சான்று பெற்றது. இலங்கைக்கு அந்தச் சான்றை உலக சுகாதார நிறுவனம் 2019இல் கொடுத்தது. தோட்டத்துக் கிளினிக்கில் வரிசையில் நின்று கை நீட்டிய தாய்மாருக்கும், மலையேறி லயம் லயமாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் அதில் பங்குண்டு.

11. மகளுக்கு எச்.பி.வி. ஊசியைத் தவறவிடாதீர்கள். 2017 முதல் 6ஆம் தரத்தில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். 6 மாத இடைவெளியில் 2 ஊசி. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வழிவிடும் வைரசைத் தடுப்பதற்காகவே இது. “இந்த வயசில இதெல்லாம் எதுக்கு?” என்று சம்மதப் படிவத்தைத் திருப்பி அனுப்பும் பெற்றோர் உண்டு. வைரசு வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்குப் பலன். அதனால்தான் இந்த வயது. தாய்மாருக்கு 35 வயதிலும் 45 வயதிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனை இலவசம். ஹெபடைடிஸ் பி ஊசி 2003 முதல் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் கிளினிக்கில் கேட்டுப் பார்க்கலாம்.

12. எச்.ஐ.வி. என்று தெரிந்தால் உடனே மருந்தைத் தொடங்குங்கள். 2004 முதல் இந்நாட்டில் மருந்து இலவசம். தினமும் விழுங்கி, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்கு எச்.ஐ.வி. போகாது. அவர் கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், மலையில் வேலை செய்யலாம். தொற்றும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, முன்கூட்டியே போடும் ‘ப்ரெப்’ குளிசையும் கிளினிக்கில் கிடைக்கிறது.

செய்யக்கூடாதவை

1. “சூடு” என்று விட்டுவிடாதீர்கள். சலம் எரிந்தால் இளநீர், கொத்தமல்லித் தண்ணி, வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய் என்று வீட்டு வைத்தியம் வரிசையாக வரும். தண்ணீர் கூடக் குடித்தால் எரிச்சல் தணிவது போல இருக்கும். கிருமி அங்கேயேதான் இருக்கும். 2 நாளில் குறையாத எரிச்சலுக்கும், சீழ் வரும் எரிச்சலுக்கும் கிளினிக்கைத் தவிர வேறு வழியில்லை.

2. புண் ஆறிவிட்டது, நோயும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சிபிலிஸ் ஏமாற்றுவது இப்படித்தான். வலியில்லாத புண் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம். கொழுந்து பறிக்கும் கை, உரம் பட்ட கை என்று அதற்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். அதுவும் மறையும். வருடங்கள் கழிந்து இருதயத்தையும் மூளையையும் பிடிக்கும்போது, அந்தப் பழைய புண் யாருக்கும் நினைவிருக்காது.

3. பாமசியில் இரண்டு குளிசை வாங்கிப் போடாதீர்கள். “போன தடவை தந்த அந்தக் குளுசையே ரெண்டு தாங்க” என்று துண்டில்லாமல் வாங்குவது இங்கே சாதாரணம். தவறான மருந்தும் அரைகுறை அளவும் நோயை மூடி மறைக்குமே தவிர மாற்றாது. கொனோரியாக் கிருமி ஒவ்வொரு மருந்தாகப் பழகிக்கொண்டு வருகிறது. முன்பு கேட்ட பல குளிசைகள் இன்று அதற்குக் கேட்பதில்லை, ஊசிதான் வேண்டும். அண்ணனுக்குக் கொடுத்த மருந்தைத் தம்பி பங்குபோடவும் கூடாது.

4. டெட்டோல், தேசிக்காய், உப்பு, கண்ட கிரீம் எதுவும் அந்த இடத்தில் போடாதீர்கள். தோல் வெந்து, புண் பெரிதாகி, கிருமி இன்னும் எளிதாக உள்ளே போகும். பிறப்புறுப்பின் உள்ளே கழுவுவதால் நோய் போகாது. அங்கே இயல்பாக இருக்கும் நல்ல கிருமிகள்தான் சாகும்.

5. விளம்பர வைத்தியரிடம் காசைக் கொட்டாதீர்கள். “ஆண்மைக் குறைவு, இரகசிய நோய், ஒரே வாரத்தில் குணம்” என்று லொட்ஜ் அறையில் உட்கார்ந்து லேகியம் விற்பவர்கள் பிழைப்பதே உங்கள் பயத்தை வைத்துத்தான். ஒரு மாதச் சம்பளம் போகும், நோய் போகாது. இரகசியம் காப்பதும் இலவசமும் அரச கிளினிக்கில் சேர்ந்தே கிடைக்கும்போது இரகசியத்துக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

6. இரத்ததானத்தைப் பரிசோதனையாக்காதீர்கள். எப்படியும் சோதிப்பார்கள்தானே என்று முகாமுக்குப் போய்ப் படுப்பவர்கள் உண்டு. தொற்றிய புதிதில் சோதனையில் சிக்காத நாட்கள் இருக்கின்றன என்று மேலே பார்த்தோம். அந்த நாட்களில் கொடுத்த இரத்தம், பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கோ விபத்தில் அடிபட்டவருக்கோ ஏறலாம். சந்தேகம் இருந்தால் கிளினிக்குப் போங்கள், இரத்தம் கொடுக்காதீர்கள்.

7. கருத்தடையை நோய்த்தடை என்று எண்ணாதீர்கள். லூப், மூன்று மாத ஊசி, கைக்குள் வைக்கும் குச்சி, குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன், மறுநாள் போடும் அவசர மாத்திரை எல்லாம் கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்கா. இரண்டையும் தடுப்பது ஆணுறைதான்.

8. சவர அலகையும் ஊசியையும் பகிராதீர்கள். சலூனில் உங்களுக்குப் புது பிளேட் போடச் சொல்லிக் கேளுங்கள். திருவிழாவிலும் கடற்கரையிலும் பச்சை குத்துபவர் ஊசியை மாற்றுகிறாரா, மையைப் புதிதாக ஊற்றுகிறாரா என்று பாருங்கள். ஹெபடைடிஸ் பி மிகக் கொஞ்ச இரத்தத்திலேயே தொற்றும்.

9. டொக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். வாய்வழி உறவா, ஆசனவாய் வழியா, ஆணோடா பெண்ணோடா என்று கேட்பது எங்கிருந்து மாதிரி எடுப்பது என்று தீர்மானிக்க. ஆணோடு ஆண் உறவைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் குற்றமாக வைத்திருப்பதால் பலர் இதை மறைக்கிறார்கள். கிளினிக் பொலிஸ் நிலையமல்ல. அங்கே சொல்லாமல் விட்ட இடத்தில்தான் நோய் தங்கும்.

10. எல்லாப் பழியையும் பெண் தலையில் போடாதீர்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஊர், கொழும்பில் கடை வேலை செய்து தீபாவளிக்கு வரும் ஆணை ஒன்றும் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் யாரானாலும் பரிசோதித்துக்கொள்ளலாம். ஒரு பாலாருக்கு மட்டும் சட்டம் வேண்டாம். கவனிக்காத கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணின் கருக்குழாயை அடைத்துவிடலாம். கணவன் கொண்டுவந்த கிருமியால் பிள்ளையில்லாமல் போனவளுக்கு மலடி என்று பட்டம் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்? பிள்ளையில்லை என்றால் இருவரும் சேர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

11. குடியைப் பேசவிட்டு முடிவெடுக்காதீர்கள். போதையில் ஆணுறை மறந்துபோகும். சம்மதமா என்று கேட்பதும் மறந்துபோகும். நீண்ட விடுமுறையில் மீமுரே பக்கம் கூடாரமடிக்க வரும் கூட்டத்துக்கும், அவர்களோடு போகும் வண்டிச் சாரதி, வழிகாட்டித் தம்பிகளுக்கும் இது சேர்த்தே சொன்னது.

12. பிள்ளைக்கு நேர்ந்ததை மூடி மறைக்காதீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொள்வது, பிள்ளை சம்மதித்தது என்று சொன்னாலும், குற்றம். பிள்ளைக்குப் பாலியல் நோய் இருப்பது தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றே எண்ணித் தேட வேண்டும். மானம் போகும் என்று மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கைவைத்தவன் அதே லயத்தில் இருப்பான். சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938 என்ற இலக்கங்களுக்கு அழைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ள ‘மிதுரு பியச’ நிலையங்களில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு ஆலோசனையும் உதவியும் கிடைக்கும்.

ஊருக்கும் நான்கு வார்த்தை

தனியாள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அவர் கண்டி பஸ்ஸில் ஏறுவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது ஊர்தான்.

பிறர் நோயைப் பேசாதீர்கள். ஆஸ்பத்திரியில் சுத்திகரிப்பு வேலை செய்யும் அக்கா, பாமசித் தம்பி, முச்சக்கர வண்டி அண்ணன் எல்லோரும் பலரின் இரகசியம் தெரிந்தவர்கள். வட்ஸ்அப்பில் போகும் ஒரு வரி ஒரு குடும்பத்தையே ஊரை விட்டு விரட்டும். அதைப் பார்த்த அடுத்தவர் கிளினிக்குப் போகாமலே இருந்துவிடுவார்.

ஒதுக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் பிள்ளையைப் பிள்ளை மடுவத்திலும் பாடசாலையிலும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். எச்.ஐ.வி. ஒரு பிள்ளையின் கல்வியைத் தடுக்கக் கூடாது என்பதை உயர் நீதிமன்றமும் 2016இல் உறுதிப்படுத்தியிருக்கிறது.

இடம் கொடுங்கள். கோயில் சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் தொழிற்சங்கக் கிளையும் இளைஞர் கழகமும் வருடத்தில் ஒரு நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்துப் பேச வைக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே வைத்தால் கேள்வி வரும். கேள்வியைப் பெயரில்லாமல் தாளில் எழுதிப் போடச் சொன்னால் இன்னும் வரும்.

கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள். யாராவது உங்களை நம்பி வாய்திறந்தால், “யாரோட போன?” என்று தொடங்காதீர்கள். “எத்தனை நாளா இருக்கு? எப்ப கண்டிக்குப் போற? நானும் கூட வரவா?” என்று கேளுங்கள். பஸ் காசு இல்லையென்றால் கொடுங்கள். அவர் போய்வரும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.